கஹூட்டா, மென்டிமீட்டரா? வெப்ப இயக்கவியல் வகுப்புக்கு எது ஒத்துவரும்

பினாங்கில் முதலாமாண்டு மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியல் எடுக்கிறேன். "புரிந்ததா?" என்று கேட்டால் யாரும் வாய் திறப்பதில்லை. அதனால்தான் கைப்பேசியில் பதில் வாங்கும் கருவிகளைத் தேடினேன். கஹூட், பிளிக்கர்ஸ், மென்டிமீட்டர் மூன்றையும் பயன்படுத்திவிட்டு இப்போது மென்டிமீட்டரோடு நிற்கிறேன்.

கலகலப்புக்கு கஹூட்தான். பள்ளியிலேயே பழகியவர்கள் என்பதால் விளக்கவே வேண்டாம். அலகு, வரையறை, குறியீடு நினைவிருக்கிறதா என்று பார்க்க இன்றும் அதைத்தான் எடுக்கிறேன்.

கடினமான கருத்து என்று வந்துவிட்டால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: விடையை வெளியிடாமல் ஒரே கேள்விக்கு இருமுறை வாக்கெடுக்க முடியுமா? ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இல் தொடங்கிய முறை இது. முதலில் தனியாகப் பதில், பிறகு பக்கத்திலிருப்பவரோடு வாதம், அதன்பின் மறுவாக்கு. முதல் வாக்கில் சுமார் 30 முதல் 70 விழுக்காட்டினர் சரியாகச் சொல்லியிருந்தால் வாதம் நன்றாகப் பலிக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. வெப்பம் புகாத கலத்தில் இலட்சிய வாயு (மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளும் வாயு) வெற்றிடத்துக்குள் விரிகிறது, வெப்பநிலை என்னவாகும்? பலரும் 'குறையும்' என்றே அழுத்துவார்கள். பிஸ்டனைத் தள்ளி விரியும் வாயு குளிரும் என்று படித்ததை அப்படியே இங்கும் கொண்டுவருகிறார்கள். கஹூட்டில் நேரம் முடிந்ததும் சரியான விடை திரைக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு வாதிட என்ன இருக்கிறது? வேகத்துக்குப் புள்ளி என்பதால் நின்று யோசிப்பவருக்கும் நட்டம். (புள்ளியை நிறுத்திவைக்கலாம்தான்.) மென்டிமீட்டரில் முடிவை மறைத்துவைத்துக்கொண்டு, "இங்கே வாயு எதைத் தள்ளுகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஒதுங்கிவிடுவேன். தள்ள ஒன்றுமில்லை, ஆக வேலை சுழியம். வெப்பமும் உள்ளே வரவில்லை. அக ஆற்றல் மாறாதபோது வெப்பநிலை மட்டும் எப்படி மாறும்? இந்தப் பேச்சு அவர்களுக்குள்ளேயே நடக்கும். பிறகு அதே கேள்வியின் நகலில் மறுவாக்கு. இரண்டு வரைபடங்களையும் அடுத்தடுத்துக் காட்டும்போது, "முதல்ல நானும் குறையும்னுதான் போட்டேன் சார்" என்று தயக்கமின்றிச் சொல்கிறார்கள். பெயர் தெரியாத வாக்கு கொடுக்கும் துணிச்சல் அது.

குறையும் உண்டு. இலவசக் கணக்கில் மாதத்துக்கு 50 பேர்தான். பெரிய வகுப்புக்குச் சந்தா கட்ட வேண்டும்.

பிளிக்கர்ஸில் மாணவருக்குக் கைப்பேசியே வேண்டாம். ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை. அதன் எந்த விளிம்பை மேலே வைத்துப் பிடிக்கிறார்களோ அதுவே விடை. நம் கைப்பேசிக் கேமரா படித்துக்கொள்ளும். சிறிய டுடோரியல்களில் மட்டுமே எடுத்திருக்கிறேன், பெரிய அரங்குக்கு உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் நாம் காட்டும்வரை அதுவும் விடையைக் காட்டாது. வைஃபை வராத அறை என்றால் எனக்கு அட்டைகளே போதும்.