தங்கம் கிடைத்த மலையும் கிடைக்காத மலையும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் இரண்டு பாலைவன மலைகள், சூப்பர்ஸ்டிஷனும் கோஃபாவும். இரண்டும் எரிமலை கக்கிய பாறைகள், இரண்டிலும் சகுவாரோ கள்ளி நிற்கிறது, இரண்டும் மனிதக் கட்டுமானம் நுழையாமல் சட்டம் காக்கும் வனாந்தரங்கள். ஒன்றுக்குத்தான் போக நேரம் உண்டென்றால் எதற்குப் போவது?

கூட்டம் போவது சூப்பர்ஸ்டிஷனுக்கு. ஃபீனிக்ஸ் நகரின் கிழக்கே, எட்டிவிடும் தூரம். 1964 வனாந்தரச் சட்டத்தின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்ற இது சுமார் 650 சதுர கிலோமீட்டர். நடைபாதைகள் தெளிவாக இருக்கின்றன. பெரால்டா பாதையில் ஏறினால் 'வீவர்ஸ் நீடில்' என்னும் பாறைக்கூம்பு எதிரே எழும்பி நிற்கும். 1891-இல் இறந்த ஜேக்கப் வால்ட்ஸ் இங்கே ஒரு தங்கச் சுரங்கத்தை ஒளித்துவைத்தாராம். 'டச்சுக்காரர்' என்று பெயர்பெற்ற அவர் ஜெர்மானியர். கதையின் லட்சணம் அங்கேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் தேடிப் போய் உயிரை விட்டவர்கள் உண்டு.

கோஃபாவில் தங்கம் நிஜமாகவே கிடைத்தது. 'கிங் ஆஃப் அரிசோனா' (K of A) சுரங்கத்தின் பெயர்ச்சுருக்கம்தான் மலைக்கே பெயராகிவிட்டது. யூமா நகருக்கு வடக்கே, இந்த மலையைச் சுற்றி இருக்கும் வனவிலங்குச் சரணாலயம் சூப்பர்ஸ்டிஷனைப்போல் நான்கு மடங்கு பெரியது. பாலைவனப் பெருங்கொம்பு ஆடுகளுக்காக 1936-இல் முன்னாள் படை ஒற்றர் ஃபிரெடரிக் பர்ன்ஹாமும் அரிசோனா சாரணச் சிறுவர்களும் குரல் எழுப்பினார்கள். 1939-இல் சரணாலயம் அமைந்தது. 1990-இல் அதன் பெரும்பகுதி வனாந்தரமானது.

வம்பும் அங்கேதான் தொடங்கியது. ஆடுகள் குறைந்ததும், வனாந்தரத்துக்குள்ளேயே இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நிர்வாகம் கட்டியது. மனிதன் கட்டியது எதுவும் இருக்கக்கூடாத இடத்தில் தொட்டியா என்று வழக்கு. தொட்டி அவசியம் என்பதை நிர்வாகம் சரியாக விளக்கவில்லை என்று 2010-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. சட்டப்படி சரிதான். ஆனாலும் தாகத்தோடு நிற்கும் ஆட்டை நினைத்தால் என் மனம் தொட்டியின் பக்கமே சாய்கிறது.

என் ஓட்டு கோஃபாவுக்கு. அங்கே பாதைகள் மிகக் குறைவு; குடிக்கத் தண்ணீர் கிடைக்காது; இரண்டாம் உலகப்போர்ப் பயிற்சியில் வெடிக்காமல் போன குண்டுகள் இன்னும் கிடக்கலாம் என்பதால் தரையில் எதையும் தொடக்கூடாது. இத்தனைக்கும் ஈடாக 'பாம் கேன்யன்' என்னும் பனைப் பள்ளத்தாக்கு இருக்கிறது. செங்குத்தான பாறை இடுக்கில் விசிறிப்பனைகள் கூட்டமாக நிற்கின்றன. உச்சிவேளையில் போங்கள்: அவற்றின்மேல் வெயில் நன்றாக விழுவது அப்போது மட்டும்தான்.