வேதிவினைக்கு உகந்த நிலையைத் தேடும் தானியங்கி முறைகள்: எது எங்கே பொருந்தும்?

வேதிவினையில் கிடைக்கும் விளைபொருளின் அளவை, அதாவது விளைச்சலை, கூட்ட வேண்டும் என்றதும், மற்ற அனைத்தையும் நிலையாக வைத்து ஒரு காரணியை மட்டும் மாற்றிப் பார்ப்பதே ஆய்வகங்களில் நெடுநாள் பழக்கம். ஒரு வினை 60 டிகிரியில் இரண்டு மணி நேரத்தில் நன்றாக நடக்கிறது, 90 டிகிரியில் அதே நேரத்தில் விளைபொருள் சிதைகிறது என்று கண்டவர் 60 டிகிரியோடு நின்றுவிடுவார்; 90 டிகிரியில் பத்தே நிமிடத்தில் வினையை நிறுத்தியிருந்தால் இன்னும் மிகுதியாகக் கிடைத்திருக்கலாம் என்பது அவருக்குத் தெரியவே வராது. இந்தப் பழக்கத்தை அப்படியே இயந்திரத்திடம் ஒப்படைப்பதில் பயனில்லை. ஆகவே உண்மையான போட்டி மற்ற மூன்று முறைகளுக்கு இடையேதான்.

முதலாவது, புள்ளியியல் வழியிலான பரிசோதனைத் திட்டமிடல். 1951இல் பாக்ஸும் வில்சனும் வேதித் தொழிலுக்கென இதை விரித்தெழுதினார்கள். செய்ய வேண்டிய பரிசோதனைகள் அனைத்தும் முன்கூட்டியே முடிவாகிவிடும்: ஐந்து காரணிகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு அளவுகள் என்றால் 32, அவற்றில் பாதியை மட்டும் செய்யும் பாதித் திட்டம் போதுமென்றால் 16. எந்தக் காரணி எதனோடு சேர்ந்து விளைச்சலை மாற்றுகிறது என்பதை இம்முறை வெளிப்படையாகக் காட்டும். ஆனால் பன்னிரண்டு ஈனிகளில் (உலோக வினையூக்கியோடு பிணையும் மூலக்கூறுகள்) ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் கூடுதல், குறைவு என்ற அளவுகளுக்கே பொருளில்லை என்பதால், அங்கே இது திணறுகிறது.

இரண்டாவது, 1965இல் நெல்டரும் மீடும் வகுத்த சிம்ப்ளெக்ஸ். இரண்டு காரணிகளுக்கு ஒரு முக்கோணம் வரைந்து, அதன் மிக மோசமான முனையை விட்டு, எதிர்ப்பக்கம் ஒரு புதிய முனையைச் சோதிப்பதே இதன் அடிப்படை. வெப்பநிலை, பாய்வு வேகம் போன்றவற்றைத் தொடர்ச்சியாக மாற்ற முடிகிற, வினைபொருள்கள் குழாய் வழியே ஓடியபடியே வினைபுரியும் தொடர் ஓட்ட உலைக்கு இது இயல்பாகப் பொருந்துகிறது. ஆனால் அளவீட்டுப் பிழையை இதனால் தாங்க முடியாது. குழாய் சரியாகக் கழுவப்படாமல் முந்தைய நிலையின் விளைபொருள் கொஞ்சம் தங்கி, அடுத்த மாதிரியில் கலந்து, விளைச்சலை உயர்த்திக் காட்டியது என்று வைத்துக்கொள்வோம்: அந்தப் பொய்யான முனையே சிறந்ததாகப் பதிவாகிவிடும், அதை மீண்டும் சோதிக்கும் வழக்கம் இம்முறையின் மூலவடிவில் இல்லாததால், முக்கோணம் அதைச் சுற்றியே சுருங்கிப்போகும்.

மூன்றாவதான பேயீசியன் முறை, இதுவரை கிடைத்த முடிவுகளிலிருந்து ஒரு கணித மாதிரியை உருவாக்கி, விளைச்சல் எங்கே மிகும் என்பதோடு அந்தக் கணிப்பு எங்கே உறுதியற்றது என்பதையும் எடைபோட்டு, அடுத்த பரிசோதனையைச் சொல்கிறது. 2021இல் பிரின்ஸ்டன் குழுவினர் இதை 50 வேதியியலாளர்களோடு ஒப்பிட்டார்கள். 12 ஈனிகள், 4 காரங்கள், 4 கரைப்பான்கள், 3 செறிவுகள், 3 வெப்பநிலைகள், ஆக 1728 சேர்க்கைகள் கொண்ட வினை அது. தொடக்கத்தில் மனிதர்களின் தேர்வுகளே மேலாக இருந்தன; சில சுற்றுகளுக்குள் சராசரியில் இம்முறைப்படி இயங்கிய கணினி நிரல் முந்தியது. வேதியியலாளரின் முதல் ஊகத்தை நிரலுக்குத் தொடக்கப் புள்ளியாகக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. முந்தைய ஆண்டு லிவர்பூலில் நடமாடும் ரோபோ ஒன்று இதே வகை நிரலின் வழிகாட்டலில், நீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கும் ஒளிவினையூக்கிக் கலவையைத் தேடி, 8 நாட்களில் 688 பரிசோதனைகளைச் செய்தது.

கருவியும் முறையைக் கட்டுப்படுத்துகிறது. ஒவ்வொரு குழியிலும் ஒரு சிறு வினை நடக்கும் 96 குழித் தட்டில் ஈனிகளையும் கரைப்பான்களையும் எளிதாக மாற்றலாம், ஆனால் தட்டு முழுவதற்கும் பெரும்பாலும் ஒரே வெப்பநிலைதான். ஓட்ட உலையில் நிலைமை நேர் எதிர், வீழ்படிவு வந்தால் குழாயும் அடைத்துக்கொள்ளும்.

எனவே ஈனி, கரைப்பான் தேர்வைத் தட்டில் பேயீசியன் முறையிடம் விடுவேன். அவை முடிவான பின், பெரிய அளவுக்குப் போகுமுன், வெப்பநிலை, நேரம், செறிவு மூன்றையும் பரிசோதனைத் திட்டமிடலால் சரிபார்ப்பேன். அளவீடு மிகச் சீராக இருந்து, காரணிகள் இரண்டு மூன்றே என்றால்தான் சிம்ப்ளெக்ஸ். எந்த முறையானாலும், ஏற்கெனவே செய்த ஒரு நிலையைப் பத்துப் பரிசோதனைகளுக்கு ஒருமுறை திரும்பச் செய்யும்படி நிரலில் எழுதி, விளைச்சல் ஒத்துவராவிட்டால் இயந்திரம் தானாகவே நிற்கும்படி வைப்பேன்.