அம்மாவுக்குக் கைப்பேசி கற்றுக்கொடுத்தது எது: திரையா, தாளா, வானொலியா?

அம்மாவுக்குக் கைப்பேசி என்றால் முன்பெல்லாம் ஊருக்குப் பேசுவதும் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புவதும்தான். இன்று சிங்கப்பூர் அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளமான சிங்பாஸில் தானே நுழைகிறார். கடையில், அரசாங்கம் வீடுகளுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டைத் திறந்து காட்டிச் சாமான் வாங்குகிறார். இதில் எந்த ஊடகத்துக்கு எவ்வளவு பங்கு?

தொலைக்காட்சி பயத்தைப் போக்கும். தமிழ் ஒளிவழியான வசந்தத்தில் ஒரு செயலியைத் திறந்து காட்டினால், "அட, இவ்வளவுதானா" என்று தோன்றிவிடும். ஆனால் அம்மா கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் அடுத்த செய்தி வந்துவிடுகிறது.

தாள் காத்திருக்கும். தமிழ் முரசு நாளிதழ் 1935ஆம் ஆண்டிலிருந்து வருகிறது. எங்கள் வீட்டில் அதைப் படித்தபின் கத்தரிப்பதும் உண்டு. கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும் பேநவ் பற்றிய ஒரு விளக்கம் இன்னும் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. கைப்பேசி எண்ணைப் போட்டதும் பெறுபவர் பெயர் வரும், அதைப் பார்த்த பிறகே அனுப்பவேண்டும் என்ற வரிக்குக் கீழே அம்மா பேனாவால் கோடு போட்டிருக்கிறார். படிப்படியாகச் செய்யும் வேலைக்குத் தாளை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரே குறை, 'உறுதிசெய்க' என்று நல்ல தமிழில் அச்சிட்டிருக்கும், வங்கிச் செயலியிலோ 'கன்ஃபர்ம்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். அம்மா அந்த இடத்தில்தான் திணறினார். பொத்தானின் பெயரையும் தமிழ் எழுத்தில் சேர்த்துப் போட்டால் எத்தனையோ பேருக்கு உதவும்.

வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கைகளுக்குத் தேதியும் கிடையாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்புறம் வானொலி. ஒலி 96.8 எங்கள் சமையலறையில் காலையிலிருந்து ஓடும். மோசடிக்காரர்கள் அழைப்பதும் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட அதே நேரத்தில்தான். ஒருநாள் பதினொரு மணிக்கு அம்மாவுக்கு அழைப்பு. முதலில் வங்கி அதிகாரி என்றார்கள், பிறகு "போலீசுக்கு மாற்றுகிறோம்" என்றார்கள். அம்மா வெங்காயம் நறுக்கிய கையோடு துண்டித்துவிட்டார். "அரசாங்க அதிகாரி போனில் பணம் மாற்றச் சொல்லமாட்டார், போலீசுக்கு லைனும் மாத்தமாட்டார்னு ரேடியோல சொன்னாங்களே" என்றார். ஐஸ்பெட்டிக் கதவைத் திரும்பிப் பார்க்க அந்த நேரத்தில் அவகாசம் ஏது? காதில் பழகிய குரல்தான் கைகொடுத்தது.

விரலுக்குப் பழக்கம் வர ஆள் பக்கத்தில் உட்காரவேண்டும், உண்மைதான். 2020இலிருந்து சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் அதைப் பொறுமையாகச் செய்கிறார்கள். ஆனால் அங்கே போகலாம் என்று அம்மாவைக் கிளப்பியதும் வானொலிதான்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் வானொலியைத்தான் சொல்வேன். அறிவிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: மோசடிச் சந்தேகத்துக்கு அழைக்கவேண்டிய 1799 என்ற எண்ணை இரண்டு முறை, மெதுவாகச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ள அம்மா கையைத் துடைத்துவிட்டு வரவேண்டும்.