மெக்னீசியம் மாத்திரை: அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை எந்த மருந்துக் கடையில் கேட்டாலும் மெக்னீசியம் பெரும்பாலும் ஆக்சைடு, சிட்ரேட், கிளைசினேட் என்று மூன்று வகையில்தான் வரும். மூன்றுக்கும் "ஹார்ட்டுக்கு நல்லது" என்ற ஒரே சிபாரிசுதான். ஆனால் சரக்கு ஒன்றல்ல.

டப்பாவின் முன்பக்கம் "கிளைசினேட் 1000 மி.கி." என்று இருந்தால் அதில் மெக்னீசியம் சுமார் 140 மி.கி.தான், மீதி கிளைசின் என்ற அமினோ அமிலம். சிட்ரேட்டில் நூற்றுக்கு 16 பங்கு, ஆக்சைடில் 60. ஆக்சைடுதான் லாபம் என்று தோன்றும். ஆனால் அது சரியாகக் கரையாது, குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுத்து வயிற்றைக் கலக்கிவிடும். நம் வீடுகளில் பேதி உப்பு என்று சொல்வதும் மெக்னீசியம் சல்பேட்தான், வேலை ஒன்றே. பின்பக்கத்தில் "எலிமெண்டல்", அதாவது சுத்த மெக்னீசியம் மட்டும் எவ்வளவு என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அதிலும் கணக்குப் பார்க்க வேண்டும்: 500 மி.கி. மாத்திரையில் சுத்தக் கிளைசினேட்டாக இருந்தால் 70 மி.கி.க்கு மேல் வராது. 200 என்று எழுதியிருந்தால் ஆக்சைடு கலந்திருக்கிறது.

தண்ணீரில் போட்டால் நுரைக்கும் மாத்திரையை பி.பி. உள்ளவர்கள் தவிர்க்கலாம். நுரை வருவது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட்டால். கருவாடும் ஊறுகாயும் போதாதென்று இதிலும் சோடியமா? குளோரைடு தூளும் வேண்டாம், கடற்காற்றில் இரண்டே நாளில் கசிந்துவிடும். ஐப்பசி மழையில் கல் உப்பு மூட்டை அழுவதும் அதில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடால்தான். அதற்காகக் கல் உப்பே போதும் என்று நினைக்க வேண்டாம். வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு படிந்தபின் பாத்தியில் நிற்கும் கசப்புத் தண்ணீரோடுதான் மெக்னீசியம் பெரும்பகுதி போய்விடுகிறது. 5 கிராம் உப்பில் 20 மி.கி. கிடைத்தாலே அதிகம். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. அதை வடித்துவிடும்.

சரி, ரத்தக் குழாயில் இது என்ன செய்கிறது? குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைந்தால் தசை இறுகும், குழாய் சுருங்கும், பி.பி. ஏறும். மெக்னீசியம் அந்த வாசலில் கால்சியத்தை ஓரளவு மறிக்கிறது. அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை செய்வதும் அதே வேலைதான், ஆனால் பலமாக. 34 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016 கணக்கில், தினம் சுமார் 368 மி.கி. மூன்று மாதம் எடுத்தவர்களுக்கு மேல் அளவு 2, கீழ் அளவு 1.8 புள்ளி குறைந்தது. அவ்வளவுதான். இதை நம்பி பி.பி. மாத்திரையை நிறுத்துவது மடத்தனம்.

உண்மையில் பயன்படுவது குறைபாடு உள்ளவர்களுக்கு: நீர் மாத்திரை எடுப்பவர்கள், கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குபவர்கள், கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்கள், குடிப்பழக்கம் உள்ளவர்கள். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தையும் ஒழுகவிடும். அப்புறம் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது, இதயத் துடிப்பு தடுமாறும். ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் முழுசாக நம்ப முடியாது. உடம்பில் இருக்கும் சுமார் 25 கிராமில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் ஓடுகிறது. மற்றவர்கள் காசைக் கம்புக்கும் கேழ்வரகுக்கும் கடலைக்கும் போடலாம். 100 கிராமில் 100 மி.கி.க்கு மேல் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அதில் கால்பங்குதான்.

வாங்குவதென்றால் எங்கள் தேர்வு சிட்ரேட். மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது ஒரு கல்லில் இரண்டு மாங்காய். வயிறு இளகியவர்களுக்குக் கிளைசினேட், விலைதான் கூடுதல். டப்பாவைவிட அட்டையில் அடைத்தது ஈரத்துக்குத் தாங்கும். எலிமெண்டல் கணக்கில், இரவுச் சாப்பாட்டுக்குப்பின் 100 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொண்டால் 200க்குப் போகலாம். மாத்திரையாக 250ஐத் தாண்ட டாக்டர் சொல்ல வேண்டும். கிட்னி பழுதானவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் தேங்கினால் பி.பி. சரியும், துடிப்பு மந்தமாகும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஓடும் நாட்களில் அவற்றை இரண்டு மணி நேரம் முன்னதாக விழுங்குங்கள், இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஆன்டிபயாடிக் வீணாகும்.