மிப்ஸ் சைக்கிள் ஹெல்மெட்: பொருள் நல்ல பொருள்தான், பெட்டியில் எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டாம்

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஹெல்மெட் நன்றாக இருக்கிறது, வாங்கலாம். உள்ளே மஞ்சள் நிற மிப்ஸ் உறை (விழும்போது தலை சுழல்வதைக் குறைக்கும் வழுக்கு உறை), பின்பக்கம் தலையை இறுக்கும் திருகு, அந்தத் திருகோடு சேர்ந்த சின்ன சிவப்பு விளக்கு, தாடைக்கடியில் காந்தப் பூட்டு. வேலைக்கும் கல்லூரிக்கும் கடைகண்ணிக்கும் தினமும் சைக்கிளில் போகிறவர்களுக்காகச் செய்த ரகம். இதே அமைப்பில் பல நிறுவனங்கள் விற்பதால் பெயர் போடவில்லை, ரகத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் இதன் பெட்டி மேல் 'சாலையில் முழுப் பாதுகாப்பு' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் இந்த விமர்சனம் இவ்வளவு நீளமாகிவிட்டது.

முதலில் அளவு. தலையில் சரியாக உட்காரவில்லை என்றால் மற்ற வசதியெல்லாம் வீண். புருவத்துக்குக் கொஞ்சம் மேலே நாடாவைச் சுற்றித் தலையின் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். சின்னது, நடுத்தரம், பெரியது என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். இதில் திருகைத் திருப்பினால் உள்பட்டை தலையைச் சுற்றி ஒரே சீராக இறுகுகிறது, நெற்றியில் மட்டும் அழுத்துவதில்லை. வாரைப் பூட்டாமலேயே குனிந்து தலையை ஆட்டிப் பார்த்தேன், விழவில்லை. கடையில் நீங்களும் இதைச் செய்து பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளி நிற்க வேண்டும், இரண்டு வார்களும் காதுக்குச் சற்றுக் கீழே சேர வேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு விரல் நுழையலாம். நெற்றி முழுக்கத் தெரியும்படி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. முன்பக்கமாக விழுந்தால் தரையில் மோதப்போவது அந்த நெற்றிதானே.

காந்தப் பூட்டு உண்மையிலேயே பிடித்துப்போயிற்று. இரு முனைகளையும் பக்கத்தில் கொண்டுபோனாலே ஒட்டிக்கொள்கிறது, ஒரு கையால் கழற்றலாம், கழுத்துத் தோலைக் கவ்வுவதில்லை. வியர்வையை உறிஞ்சும் பஞ்சுப் பட்டைகளைப் பிய்த்தெடுத்துத் துவைத்துத் திரும்ப ஒட்டலாம். குறை என்றால் காதோரக் கிளிப். வார்களின் நீளத்தைச் சரிசெய்து வைத்தாலும் கொஞ்ச நாளில் மெல்ல மெல்ல நழுவித் தளர்ந்துவிடுகிறது, அதனால் அவ்வப்போது கண்ணாடி முன் நின்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்புச் சாமானில் இது சின்னக் குறை என்று விட்டுவிட முடியாது. வார் தளர்ந்த ஹெல்மெட் முதல் அடியிலேயே நகர்ந்துவிடும், இரண்டாவது அடி வெறும் தலையில் விழும்.

விளக்கு பரவாயில்லை, அவ்வளவுதான். காரோட்டியின் கண்மட்டத்துக்குக் கிட்டத்தட்ட நேராக வருவது நல்லது. ஆனால் நாம் தலையைத் திருப்பும்போது விளக்கும் வேறு பக்கம் பார்க்கும், பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அதனால் இருக்கைக்கடியில் தனியாக ஒரு சிவப்பு விளக்கும் முன்னால் ஒரு வெள்ளை விளக்கும் கட்டாயம் இருக்கட்டும், ஹெல்மெட் விளக்கை உபரியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மிப்ஸ். ஸ்வீடனில் ஹான்ஸ் வான் ஹோல்ஸ்ட் என்ற நரம்பியல் அறுவை மருத்துவரும் பீட்டர் ஹால்டின் என்ற ஆய்வாளரும் சேர்ந்து உருவாக்கியது. சைக்கிளிலிருந்து விழுகிறவர் நட்டுவைத்தாற்போல் செங்குத்தாக விழுவதில்லை, முன்னோக்கி ஓடிக்கொண்டே சாய்வாகத்தான் தரையில் படுகிறார், அந்த உராய்வில் தலை வெடுக்கென்று சுழல்கிறது. நேராக வாங்கும் அடியைவிட இந்தச் சுழற்சி மூளைத் திசுவை மோசமாக இழுத்துப் பிய்க்கும். மிப்ஸ் உறை செய்வது ஒன்றே ஒன்றுதான்: மோதும் கணத்தில் ஹெல்மெட்டைத் தலையின் மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்க விடுகிறது, அதனால் சுழலும் விசையில் ஒரு பங்கு தலைக்குப் போகாமல் தப்புகிறது. ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள் உறையை மறு கையால் தள்ளிப் பாருங்கள், லேசாக நகர வேண்டும், நகராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வாங்காதீர்கள். மிப்ஸ் இல்லாத ஹெல்மெட் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை, இதே வேலையை வேறு வழியில் செய்யும் அமைப்புகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் சாய்வான பரப்பில் ஹெல்மெட்டுகளைப் போட்டுச் சோதித்து நட்சத்திரம் தருகிறது. விலை பார்த்து வாங்குவதைவிட அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்குவது எவ்வளவோ மேல்.

சரி, பெட்டியில் இருக்கும் அந்த வரிக்கு வருகிறேன். ஹெல்மெட்டின் உள்ளே ஐரோப்பியத் தரமான இஎன் 1078 முத்திரை இருக்கிறது. அந்த முத்திரைக்கான சோதனை என்னவென்று தெரிந்துகொண்டால் எது எவ்வளவு காக்கும் என்பது புரியும். ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலையைச் சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தட்டையான இரும்புப் பரப்பின் மேல் போடுகிறார்கள். மோதும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அந்தத் தலைக்குள் பதிவாகும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 250 மடங்கைத் தாண்டக் கூடாது. அமெரிக்கத் தரத்தில் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு. ஆக இது ஒரு ஆள் தன் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கான சோதனை. காரோ லாரியோ வந்து இடிப்பதற்கான சோதனை இல்லவே இல்லை. உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கி நசுங்கி அடியை உள்வாங்குகிறது, முழுக்க நசுங்கிய பிறகு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதை வைத்து 'அப்படியானால் ஹெல்மெட்டே வீண்' என்று வாதாடுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகவில்லை. மணலில் சறுக்குவது, குழியில் சக்கரம் மாட்டுவது, குறுக்கே நாய் ஓடுவது என்று நிறைய விழுதல்களில் வேறு வண்டிக்கு வேலையே இல்லை. அப்போது நீங்கள் மணிக்கு 25 கிலோமீட்டரில் போயிருந்தாலும் தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் பெரும்பாலும் அது விழும் உயரத்தைப் பொறுத்தது, அது சோதனை வேகத்துக்குப் பக்கத்தில்தான் வரும். 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 40 ஆய்வுகளையும், காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளையும் சேர்த்துப் பார்த்தது. ஹெல்மெட் போட்டவர்களுக்குக் கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு கிட்டத்தட்ட 70 விழுக்காடு குறைந்திருந்தது. எனவே போடுங்கள், பிள்ளைகளுக்கும் போட்டுவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

சட்டம் வேறு கேள்வி. எல்லா வயதினருக்கும் ஹெல்மெட்டை முதலில் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். நியூசிலாந்து 1994-இல் பின்தொடர்ந்தது. போட்டுக்கொள்வது கூடியது உண்மை. ஆனால் மெல்போர்னில் 2010-இல் தொடங்கிய பொது வாடகை சைக்கிள் திட்டம் 2019-இல் மூடப்பட்டபோது, நினைத்த நேரத்தில் சைக்கிள் எடுக்க வருகிறவர் கையில் ஹெல்மெட் இருக்குமா என்ற கேள்வியும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. அமெரிக்காவின் சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டி (மாவட்டம் போன்றது) 2022-இல் தன் ஹெல்மெட் கட்டாயத்தையே நீக்கியது. வீடற்றவர்கள் மேலும் கறுப்பின மக்கள் மேலும் அபராதம் பாரபட்சமாகப் பாய்ந்தது முக்கியக் காரணம். ஜப்பான் 2023 ஏப்ரலில் எல்லா வயதினரும் போட முயற்சி செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதியது, போடாவிட்டால் அபராதம் இல்லை. நெதர்லாந்தில் சாதாரண சைக்கிளுக்குக் கட்டாயமே இல்லை, தனிப் பாதையும் காரின் வேகத்தைக் கட்டுப்படுத்திய தெருக்களும் இருப்பதால் ஆட்கள் வெறுந்தலையோடு பயமில்லாமல் போகிறார்கள். என் கருத்து இதுதான்: பிள்ளைகளுக்குச் சட்டம் வரட்டும், பெரியவர்களுக்குப் போடச் சொல்லி வலியுறுத்தட்டும், ஆனால் ஹெல்மெட் சட்டம் போட்டதோடு தன் கடமை முடிந்தது என்று எந்த அரசும் கையைக் கழுவக் கூடாது. ஹெல்மெட் அடிபட்ட பிறகு உதவும், அடிபடாமல் இருக்க வழி சாலையிலும் பின்னால் வருகிற வண்டியோட்டியிடமும் இருக்கிறது.

ஹெல்மெட் போட்டவரைக் காரோட்டிகள் இன்னும் நெருங்கி முந்துகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கிலாந்தில் இயன் வாக்கர் என்ற ஆய்வாளர் சைக்கிளில் தூரமானி பொருத்தி அளந்தபோது சராசரி இடைவெளி சில சென்டிமீட்டர் குறைந்தது. அதே தரவை வேறு இருவர் திரும்ப ஆராய்ந்தபோது, ஒரு மீட்டருக்கும் குறைவாக ஆபத்தாக முந்துவதற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு தெரியவில்லை. எனவே அதைச் சாக்காக வைத்து ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் கார் ஓட்டுகிறவர்களும் இருப்பீர்கள், உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். ஜெர்மனியில் 2020-இலிருந்து சைக்கிளை முந்த ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் விட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. பிரிட்டனின் சாலை விதிகளில் 2022 மாற்றத்துக்குப் பிறகு, மணிக்கு 30 மைல் வரை குறைந்தது ஒன்றரை மீட்டர், அதற்கு மேல் வேகமானால் இன்னும் அதிகம். ஏன் இவ்வளவு இடம் என்று கேட்கிறீர்களா? சைக்கிள் நேர்க்கோட்டில் போகும் வண்டி இல்லை. குழியையோ சாக்கடை மூடியையோ கண்டால் அரை மீட்டர் விலகித்தான் ஆக வேண்டும், அதைப் பின்னால் பார்த்து உங்களிடம் கேட்டுவிட்டுச் செய்ய நேரமிருக்காது. பெரிய வண்டி ஒட்டிப் போனால் அது தள்ளும் காற்றே சைக்கிளை ஆட்டிவிடும். இடம் போதாதென்றால் பின்னாலேயே வாருங்கள், ஹாரனை அழுத்திக்கொண்டே வராதீர்கள். திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறவரின் கைப்பிடியும் கூடவே திரும்பும். இன்னொன்று, நிறுத்திய காரின் கதவு. கதவுக்குப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறுபக்கக் கையை நீட்டித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், தோளுக்குப் பின்னால் சைக்கிள் வருகிறதா என்று கண்ணில் படும். பிரிட்டனின் விதிகளில் இப்போது இதுவும் இருக்கிறது. காசு செலவில்லாத விஷயம், வீட்டுப் பிள்ளைகளுக்கும் பழக்கிவிடலாம்.

சைக்கிளோட்டிகளே, நிறுத்திய கார்களை ஒட்டிப் போகாதீர்கள், ஒரு கதவகலம் தள்ளியே போங்கள். பின்னால் யாராவது எரிச்சல்பட்டால் படட்டும். லாரியோ பஸ்ஸோ முக்கில் திரும்பக் காத்திருக்கும்போது அதன் பக்கவாட்டில் நுழையவே கூடாது, ஓட்டுநருக்கு நீங்கள் அங்கே இருப்பது தெரியாது, திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வளைந்து வரும். அங்கே எந்த ஹெல்மெட்டும், எத்தனை நட்சத்திரம் வாங்கியதும், துளிக்கூட உதவாது.

மறுபடி பொருளுக்கு வருகிறேன். பொருத்தம், பூட்டு, மிப்ஸ் மூன்றுக்கும் முழு மதிப்பெண் தருகிறேன், காதோரக் கிளிப்புக்கும் பெட்டி வாசகத்துக்கும் குறைத்து ஐந்தில் நான்கு. வாங்கினால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு தடவை பலமாக அடிபட்டால் வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் மாற்றிவிடுங்கள், நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழும்பாது. அதே காரணத்துக்காக அடுத்தவர் பயன்படுத்தியதை வாங்காதீர்கள், அது எத்தனை தடவை கீழே விழுந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பெயின்ட் அடிக்க வேண்டாம், வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டு வைக்கவும் வேண்டாம். வளர்ந்த பிறகும் போடட்டும் என்று பிள்ளைக்குப் பெரிய அளவில் வாங்குவது அறவே கூடாது.

மணிக்கு 45 கிலோமீட்டர் வரை போகும் மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்த ரகம் போதாது. அவர்கள் என்டிஏ 8776 என்ற டச்சுத் தர முத்திரை உள்ளதைத் தேடுங்கள். அதில் சோதனை வேகம் கூடுதல், நெற்றிப்பொட்டையும் பின்தலையையும் இன்னும் கீழே வரை மூடும்.