கூடாரத் துணி: வெளியே தெளிப்பதா, உள்ளே பூசுவதா?

சென்ற மாரிக்குப் பின் சுருட்டி வைத்த கூடாரத்தைப் புரட்டாதியில் விரித்தபோது, அதன் உட்புறம் விரலில் பசையாக ஒட்டியது. புளித்த வாடை வீசியது. தையல்மேல் ஒட்டியிருந்த நாடா மீன் செதிலாக உரிந்தது. யாழ்ப்பாணத்து ஈரக்காற்றும் வெக்கையும் சேர்ந்தால் நீர் புகாமல் தடுக்கும் பொலியூரித்தேன் உட்பூச்சு நீராற்பகுப்படைந்து (ஈரத்தால் வேதியியல் முறையில் உடைந்து) இப்படித்தான் சிதையும்.

வெளிப்புறத்தில் தெளிக்கும் திரவம் மலிவானது. அரைமணி நேர வேலை. ஆனால் அது மழைத்துளியை உருண்டோடச் செய்யுமே தவிர, உட்பூச்சுப் பழுதைத் தீர்க்காது. ஒரு கோப்பை நீரைத் துணிமேல் ஊற்றிப் பாருங்கள்: நீர் பரவி ஊறினாலும் மறுபக்கம் கசியாவிட்டால் தெளிப்பே போதும்.

கசிந்தால் உட்பூச்சுத்தான் வழி. ஐசோபுரோபைல் அற்ககோலில் நனைத்த துணியால் பழைய பூச்சை முழுவதும் தேய்த்தெடுத்து (பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஒரு பகல் போய்விடும்), புதிய பொலியூரித்தேனைத் தூரிகையால் மெல்லிதாகப் பூசி, தையல்களுக்குத் தனியாகப் பசையிட்டு, நிழலில் ஒரு நாள் முழுவதும் காயவிட வேண்டும். இருபுறமும் சிலிக்கன் ஏற்றிய நைலோனில் பொலியூரித்தேன் ஒட்டாது. அதற்குச் சிலிக்கன் பசையே பொருந்தும். அத்தகைய துணியின் தையல்களில் பெரும்பாலும் நாடா இராது என்பது அதை இனங்காண நல்ல அடையாளம்.

காரைநகர்க் கசூரினாக் கடற்கரையில் தை, மாசியில் ஓரிரவு தங்குவோருக்குத் தெளிப்பே போதும். கார்த்திகை அடைமழைக்கு நான் உட்பூச்சையே தெரிவுசெய்வேன். காய்ந்த தையல்களில் சிறிது முகப்பவுடர் தூவி, பருத்தித் தலையணை உறைக்குள் தளர்வாக வைத்தால் துணி ஒன்றோடொன்று ஒட்டாது.