புது மாட்யூலா, பழைய மாட்யூலா?

என் மின்சார காரின் பேட்டரி பேக்கில் ஒரு மாட்யூல் (சில செல்களை ஒன்றாகக் கட்டிய பெட்டி) நலிந்தபோது, புதியதை வாங்குவதா, அதே ரகக் காரிலிருந்து கழற்றிய, ஏறக்குறைய அதே அளவு தேய்ந்த ஒன்றை வாங்குவதா என்ற கேள்வி எழுந்தது. பழையதையே வாங்கினேன். இன்னொரு முறை நேர்ந்தாலும் அதைத்தான் வாங்குவேன்.

புதியதற்கு விலை கூடுதல், பழையதற்கு அலைச்சல் கூடுதல். இதில் அலச ஒன்றுமில்லை. தீர்மானிப்பது செல்களுக்கு இடையிலான சமநிலை.

நிசான் லீஃப் காரின் தொடக்ககால 24 கிலோவாட் மணி பேக்கில் 48 மாட்யூல்கள். 96 செல் ஜோடிகள் தொடராகக் கோக்கப்பட்டவை. இப்படிப்பட்ட சங்கிலியில் முதலில் நிரம்பும் செல் சார்ஜை நிறுத்துகிறது; முதலில் வற்றும் செல் ஓட்டத்தை நிறுத்துகிறது. ஒரு செல் எவ்வளவு மின்னூட்டம் கொள்ளும் என்பதை ஆம்பியர் மணியில் அளப்பார்கள். சுற்றியுள்ளவை 45 ஆம்பியர் மணிக்குத் தேய்ந்திருக்க, நடுவில் 65 ஆம்பியர் மணி மாட்யூலை வைத்தால் அந்த 20 வீண்தான். அதைவிடத் தொல்லை வேறு. பழைய செல்கள் சும்மா இருக்கும்போதே சற்று வேகமாக மின்னூட்டம் இழக்கின்றன. புதியது இழப்பது குறைவு. நாளடைவில் புதியது மேலேறி நின்று, மற்றவை நிரம்பும் முன்பே சார்ஜை முடித்துவைக்கிறது. செல்களைச் சமப்படுத்தும் பேலன்சிங் சுற்று அதைக் கீழிறக்கும். ஆனால் அது 0.1 ஆம்பியர் அளவுக்கே வடிப்பதாக இருந்தால், 5 ஆம்பியர் மணி வித்தியாசத்தைத் தீர்க்க 50 மணி நேரம் வேண்டும்.

பழையதில் உள்ள ஆபத்து, அதன் கடந்தகாலம் தெரியாதது. நான் மூன்றை முழுதாக சார்ஜ் செய்து இரண்டு வாரம் தனியே வைத்தேன். ஒன்றில் வோல்டேஜ் தெளிவாக இறங்கியது, ஒதுக்கினேன். மற்ற இரண்டையும் ஒரே சீரான மின்னோட்டத்தில் வடித்து ஆம்பியர் மணியை அளந்தேன். பேக்கின் அளவுக்கு நெருங்கியதைத் தேர்ந்தேன். எதை வாங்கினாலும், பொருத்தும் முன் பக்கத்துச் செல்களின் வோல்டேஜுக்குக் கொண்டுவந்தாக வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: பழுதுபார்க்கும் முன் மின்னிணைப்பைத் துண்டிக்க உருவும் சர்வீஸ் பிளக்கை எடுத்ததும் பேக் செத்துவிடாது. லீஃபில் அது பேக்கை இரண்டாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பாதியும் ஏறக்குறைய 180 வோல்ட்டுடன் உயிரோடுதான் இருக்கும். 1000 வோல்ட் தாங்கும் கையுறை, காப்புறை போட்ட கருவிகள், அருகில் விவரம் தெரிந்த ஒருவர் இல்லாமல் மூடியைத் திறக்காதீர்கள்.

என் அனுபவம் ஓராண்டுதான், அதுவும் திரவக் குளிர்விப்பு இல்லாத பேக்கில். பாதி மாட்யூல்கள் நலிந்துவிட்டால் இந்த ஒப்பீடே பொருந்தாது. முழு பேக்கையும் மாற்றுவதுதான் வழி. என் காரில் முழு சார்ஜில் செல்களுக்கு இடையே இப்போது 20 மில்லிவோல்ட் வித்தியாசம். பொருத்திய வாரத்திலும் அதுவே இருந்தது.